தோகாவில் பறிபோன வெள்ளி

புதுக்கோட்டைன்னா பலருக்கு சித்தன்னவாசல், திருமயம் கோட்டை ஞாபகம் வரும். எனக்கு கத்தக்குறிச்சி சாந்திதான்.

அப்பா, அம்மா செங்கல் சூளைக் கூலிகள். 2005-ல இஞ்சியோன் ஆசியத் தடகளத்துல சாந்தி சௌந்தரராஜன் 800 மீட்டர்ல வெள்ளி வாங்கினாங்க. 2006 டிசம்பர்ல தோகா ஆசிய விளையாட்டு. அதே 800 மீட்டர், 2 நிமிஷம் 3.16 விநாடி, மறுபடி வெள்ளி!

சில நாள்தான்... பாலினப் பரிசோதனையில தேறலைன்னு பதக்கத்தைப் பிடுங்கிட்டாங்க. அந்தரங்கமான மருத்துவ விஷயம் ஊர் உலகத்துக்கே செய்தியாச்சு. இது ஊக்கமருந்து இல்லீங்க, பிறப்பு. செய்யாத தப்புக்குத் தண்டனை.

தமிழக அரசு தந்த 15 லட்சம் பரிசை வச்சு சாந்தி என்ன பண்ணாங்க தெரியுமா? புதுக்கோட்டைப் பிள்ளைங்களுக்கு ஓட்டப் பயிற்சி குடுத்தாங்க. காசு கரைஞ்சதும், 2012-ல அவங்களே சூளையில கூலி வேலை பார்த்தாங்க. அப்புறம் பயிற்சியாளர் படிப்பு முடிச்சு, 2016-ல அரசுப் பயிற்சியாளர் ஆனாங்க.

2014-ல ஒடிசாவின் டூட்டி சந்தையும் இதே மாதிரி ஒதுக்கினாங்க. அவங்க வழக்குப் போட்டாங்க. 2015-ல விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றம் அந்த விதியை நிறுத்தி வச்சது. டூட்டி திரும்பவும் ஓடினாங்க.

சாந்தியோட வெள்ளி மட்டும் இன்னும் திரும்பி வரலை. நியாயமா, சொல்லுங்க?