ஈயமும் தகடும்: ஒரு பழைய மகிழுந்து சொன்ன வரலாறு



வரலாறு என்றதும் நம் மாணவர்கள் பாடநூலைத் திறந்து ஆண்டுகளையும் ஆட்சியாளர் பெயர்களையும் மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் வரலாற்றுச் சான்றுகள் என்று நாமும் கற்பிக்கிறோம். துருப்பிடித்த ஒரு மகிழுந்தும் அத்தகைய சான்றாகும் என்பதைக் கிள்ளானில் ஒரு வீட்டுக் கொட்டகையில்தான் நான் கற்றுக்கொண்டேன். எனக்கு அதைக் கற்பித்தவர் என் முன்னாள் மாணவர்.

பள்ளியில் அவர் தேர்வு மதிப்பெண்களால் பெயர் பெற்றவர் அல்லர். உடைந்த நாற்காலியையும் மின்விசிறியையும் சரிசெய்யத்தான் நாங்கள் அவரைத் தேடுவோம். இன்று ஒரு தொழிற்சாலையில் பணிபுரியும் அவர், வார இறுதிகளில் தம் வீட்டில் ஓர் எம்.ஜி.பி. விளையாட்டு மகிழுந்தைச் செப்பனிட்டு வந்தார். அருகில் ஒரு நெகிழி நாற்காலியில் அவருடைய தாய்மாமா அமர்ந்திருப்பார். எழுபது வயதைக் கடந்த அவர், பதினான்கு வயதிலேயே பிரிக்பீல்ட்ஸில் தகடு தட்டும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். நம் பட்டறைக்காரர்கள் மலாய்ச் சொல்லால் ‘கெத்தோக்’ வேலை என்று சொல்வது இதைத்தான்.

மேலிருந்து கீழே

எம்.ஜி.பி. 1962ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமானது. 1980 வரை ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாயின. அதற்கு முந்திய எம்.ஜி.ஏ. வண்டியில் அடிச்சட்டம் வேறு, உடற்கூடு வேறு. எம்.ஜி.பி.யில் இரண்டும் ஒன்று. தகடுகளை மடித்துப் பற்றவைத்த கூடே வண்டியின் முதுகெலும்பு. ஆகவே இதில் தகடு துருப்பிடித்தால் அழகு மட்டும் கெடுவதில்லை; எலும்பே இற்றுப்போகிறது.

மாமா முதலில் சுத்தியலைக் கேட்கவில்லை. ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, வண்டியின் மேல் மெதுவாக நகர்த்தினார். இரும்புத் தகடு இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டியது. பின்சக்கர வளைவை நெருங்கியதும் நழுவி விழுந்தது. “இங்க தகடு இல்ல, பட்டிதான் இருக்கு” என்றார்.

பின்னர் உப்புத்தாள் கொண்டு தேய்க்கத் தொடங்கினார்கள். மேலே பளபளத்த சிவப்புச் சாயம் அண்மைக் காலத்தது. அதன் கீழே பச்சை. அதற்கும் கீழே விரற்கடை அளவுக்குப் பட்டி. பட்டி இல்லாத இடங்களில், எல்லாவற்றுக்கும் அடியில், ஆலையில் பூசிய பழைய வெண்ணிறம். அகழாய்வுக் குழியில் மண்ணடுக்குகளைப் பார்ப்பது போலவே இருந்தது. மேலடுக்கு புதியது, கீழடுக்கு பழையது என்ற விதி இங்கும் பொருந்துகிறது. கீழடியை மாணவர்களுக்கு விளக்கும் ஆசிரியர்கள் இந்த எடுத்துக்காட்டைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

ஒவ்வோர் அடுக்கிற்கும் ஒரு காலம் உண்டு. 1920களுக்கு முன்பு மகிழுந்துக்குச் சாயம் பூசி உலர்த்தப் பல வாரங்கள் ஆயின. 1920களின் நடுப்பகுதியில் விரைவில் உலரும் நைட்ரோசெல்லுலோஸ் சாயம் வந்தபின் அது சில நாள் வேலையாயிற்று. பாலியெஸ்டர் பட்டி 1950களில்தான் கடைக்கு வந்தது. அதற்கு முன்பு பள்ளத்தை நிரப்பப் பட்டறைகள் நம்பியிருந்த பொருள் ஈயம்.

கிள்ளான் ஆற்றின் ஈயம்

அக்காலத்து உடற்கூடுகளில் இரு தகடுகள் சேரும் இணைப்பு வெளியே தெரியாமலிருக்க ஈயக்கலவை பூசினார்கள். பொதுவாகக் காரீயம் 70 பங்கு, வெள்ளீயம் 30 பங்கு. இக்கலவை 183 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கி, ஏறத்தாழ 255 பாகையில்தான் முழுவதும் உருகும். இடைப்பட்ட வெப்பத்தில் அது பிசைந்த மாவு போல இருக்கும். கொழுப்பு தடவிய மரத்துடுப்பால் அந்நேரத்தில் அதைத் தகட்டின் மேல் இழைத்துவிட வேண்டும். வெப்பம் கூடினால் தரையில் சொட்டிவிடும்; குறைந்தால் கட்டிதட்டிப்போகும்.

நம் பாட்டிமாருக்கு இது புதிய செய்தியன்று. தெருவில் “ஈயம் பூசலையோ” என்று குரல் கொடுத்து வருபவர், பித்தளைப் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத் தூளைத் தூவி, வெள்ளீயத்தைத் துணியால் இழுத்துப் பூசுவார். பொருளும் நோக்கமும் வேறுபட்டாலும், வெப்பத்தைக் கண்ணால் அளக்கும் கை ஒன்றுதான்.

கோலாலம்பூர் பிறந்ததே வெள்ளீயத்தால்தான். 1857இல் கிள்ளானின் ராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றின் வழியே அனுப்பி, அம்பாங்கில் ஈயம் தேடச் செய்தார். முதல் மாதத்திலேயே அவர்களில் பெரும்பாலோர் நோயால் மாண்டனர். தோண்டியெடுத்த ஈயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டு செல்ல 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் பாதை திறக்கப்பட்டது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், செயல்படத் தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகிலேயே மிகுதியாக வெள்ளீயம் தந்த நாடு நம் நாடு.

இந்த வண்டியின் இணைப்பில் இருந்த வெள்ளீயம் எந்தச் சுரங்கத்தில் பிறந்தது என்று யாராலும் கூற இயலாது. ஆயினும், இங்கிருந்து கப்பலேறிய ஈயமும், நம் முன்னோர் தோட்டங்களில் சீவிய இரப்பர் பாலும் மேல்நாட்டு ஆலைகளுக்குச் சென்று, மகிழுந்தின் உறுப்புகளாகி, அதே துறைமுகத்தில் வந்து இறங்கின என்பது வரலாறு. மூலப்பொருளைக் கொடுத்தவர்களுக்கு முழுப்பொருள் எட்டாத விலையில் திரும்பி வந்தது.

விட்டத்துக்குள் செய்தித்தாள்

எம்.ஜி.பி.யின் கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஒரு பெட்டி விட்டம் ஓடுகிறது. பட்டறையில் இதைச் ‘சில்’ என்பார்கள். திறந்த மேற்பகுதி கொண்ட வண்டிக்கு வலிமை தருவது இதுதான். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழியும் நம் பள்ளத்தாக்கில், அதனுள் புகும் ஈரம் எளிதில் உலர்வதில்லை. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், பற்றவைத்த இரு தகடுகளையும் உள்ளிருந்தே பிளந்துவிடும்.

பட்டியைப் பெயர்த்தபோது பின்சக்கர வளைவுக்கும் விட்டத்திற்கும் இடையில் ஓட்டை தெரிந்தது. அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது மடித்துத் திணித்த செய்தித்தாள். என்றோ எந்தப் பட்டறையிலோ ஒருவர், இற்ற தகட்டை வெட்டியெடுக்காமல், தாளைத் திணித்து, மேலே பட்டி பூசி, சாயம் அடித்து அனுப்பியிருக்கிறார். என் மாணவர் அதைப் பிரித்துக் காட்டினார். தமிழ் நாளிதழ்! இதழின் பெயரும் தேதியும் துருவோடு கரைந்துவிட்டன. ஒரு திரைப்பட விளம்பரத்தின் பாதியும், ஓர் இரங்கல் அறிவிப்பின் மூலையும் மட்டும் எஞ்சியிருந்தன.

நான் சிரித்துவிட்டேன். மாமா சிரிக்கவில்லை. சற்று நேரம் அந்தத் தாளையே பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்: “நம்ம ஆளு செஞ்ச வேலதான், வாத்தியாரே. அவசரத்துல செஞ்சிருக்கான். நல்லா தட்டுன எடத்துல தட்டுனவன் தெரியமாட்டான். தப்பா செஞ்சவன் மட்டும்தான் மாட்டிக்குவான்.”

அந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை. ஆம், தகட்டு வேலையின் இயல்பே அதுதான். ஒரு கையில் சுத்தியல், மறு கையில் தகட்டின் பின்னே தாங்கிப் பிடிக்கும் ‘டாலி’ என்னும் இரும்புக் கட்டி. அடிக்க அடிக்கத் தகடு விரிந்துவிடும். விரிந்த இடத்தை நாணய அளவில் செந்நிறமாகச் சூடாக்கிக் குளிரவைத்துச் சுருக்குவார்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளத்தை உள்ளங்கையால் தடவி அறிவார்கள். இத்தனையும் செய்து முடித்தபின், எதுவுமே நடக்காதது போல அந்த இடம் இருக்க வேண்டும். சிற்பியின் வேலை சிலையாக நிற்கிறது. தகடு தட்டுபவரின் வேலை தன்னையே அழித்துக்கொள்கிறது. நூறு வண்டிகளில் நேர்மையாக உழைத்த தமிழர் எவரும் தடயம் விட்டுச் செல்லவில்லை. பிழை செய்த ஒருவரின் நாளிதழ் மட்டும் சான்றாகிவிட்டது!

அந்தக் கைகள் எங்கிருந்து வந்தன?

மாமாவின் தந்தையார் செந்தூல் இரயில்வே பட்டறையில் பெட்டி கட்டும் பிரிவில் பணியாற்றியவர். குடியிருப்பு பிரிக்பீல்ட்ஸில். 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அழித்தபின், நகரைச் செங்கல்லால் மீண்டும் கட்டும் பணி நடந்தது. அதற்குச் செங்கல் சுட்ட காளவாய்களே பிரிக்பீல்ட்ஸுக்குப் பெயர் தந்தன. பின்னர் அது இரயில்வே ஊழியர்களின் ஊராயிற்று. நம்மவர் பலர் வாழ்ந்த ‘நூறு குவார்ட்டர்ஸ்’ இன்று இடிக்கப்பட்டுவிட்டது. 2010இல் அப்பகுதி ‘லிட்டில் இந்தியா’ என்று அதிகாரப்பூர்வமாகத் திறப்பு விழா கண்டது. கடைகளும் வளைவுகளும் நிற்கின்றன. பட்டறையில் சுத்தியல் பிடித்தவர்களுக்கு அங்கே ஒரு பலகையேனும் வைத்தால் என்ன?

அக்காலத்து இரயில் பெட்டிக்கு மரச்சட்டம் உள்ளே, போர்வை வெளியே. 1945 முதல் 1949 வரை உருவான எம்.ஜி. டி.சி. என்னும் விளையாட்டு மகிழுந்தும் அவ்வாறே மரச்சட்டத்தின் மேல் தகடு போர்த்தியதுதான். தந்தையிடம் சுத்தியல் பிடிக்கக் கற்ற மகனுக்கு மகிழுந்துப் பட்டறை அந்நிய இடமாக இருக்கவில்லை.

வேலைக்கும் பஞ்சமில்லை. 1967இல் ஷா ஆலாமில் வோல்வோ வண்டிகளைப் பொருத்தும் ஆலை இயங்கத் தொடங்கியது. 1968இல் அருகிலேயே பத்து தீகா பந்தயத் தடம் திறக்கப்பட்டது. பந்தயம் என்றால் மோதல். மோதல் என்றால் தகட்டு வேலை. ஞாயிற்றுக்கிழமை நசுங்கிய வண்டிகள் திங்கட்கிழமை பட்டறைக்கு வரும் என்று மாமா நினைவுகூர்ந்தார். அத்தடமும் 2003இல் மறைந்து, அங்கே வீடுகள் எழுந்துவிட்டன.

1985ஆம் ஆண்டு ஒரு திருப்பம். ஜூலையில் ஷா ஆலாமிலிருந்து முதல் புரோட்டோன் சாகா வெளிவந்தது. அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்து, நம் ஈயச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஈயம் தோண்டிய நாடு மகிழுந்து செய்யும் நாடாக மாறியது அந்த ஓராண்டில் கண்கூடாகத் தெரிந்தது. உள்நாட்டிலேயே உதிரித் தகடு கிடைக்கத் தொடங்கியதும், “தட்டாதே, மாற்று” என்பதே பட்டறைகளின் வழக்கமாயிற்று.

கொட்டகையில் நடந்தது

இற்ற விட்டத்தை மாற்றுவதில் மாமா அவசரப்பட விடவில்லை. வண்டியைச் சமமாக முட்டுக்கொடுத்து நிறுத்தி, கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் குழாயைப் பற்றவைத்தார்கள். இல்லையேல், விட்டத்தை வெட்டியதும் வண்டி நடுவில் தொய்ந்து, பிறகு கதவே மூடாது. ஒரு பக்கம் முடிந்தபின்பே மறுபக்கம். ஒவ்வொரு முறையும் கதவை மாட்டி இடைவெளியைப் பார்த்தபின்புதான் பற்றவைப்பு. துருவின் ஓரத்தில் நிறுத்தாமல், நல்ல தகடு வரும்வரை வெட்டினார்கள். புதிய தகடுகள் இங்கிலாந்திலிருந்து வந்தன. பழைய அச்சுகளைக் கொண்டே 1988 முதல் எம்.ஜி.பி.யின் முழு உடற்கூட்டையும் அங்கே மீண்டும் தயாரித்து வருகிறார்கள். ஒரு நாடு தன் கைவினையைக் காத்துக்கொள்ளும் விதம் அது.

பெற்றோர் கவனத்திற்கு ஒன்று: ஈயத்தை இயந்திரத்தால் தேய்க்கக் கூடாது, தூள் நஞ்சு. அரத்தால்தான் இழைக்க வேண்டும். கடினமாக்கி கலந்து அடிக்கும் இக்காலச் சாயத்தின் ஐசோசயனேட் நுரையீரலைப் பாதிக்கும். ஆகவே இறுதிச் சாயத்தை அவர்கள் வீட்டில் அடிக்கவில்லை; காற்று வடிகட்டும் வசதியுள்ள சாயக்கூடத்திற்கே வண்டியைக் கொண்டு சென்றார்கள். முகமூடி அணியாமல் உழைத்த தலைமுறையின் இருமல் மாமாவிடம் இன்றும் இருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

அவ்வளவு திறன் பெற்ற மாமாவிடம் ஒரு சான்றிதழும் இல்லை. இனி அவருக்கு அது தேவைப்படாமலும் இருக்கலாம். ஆனால், அவரைப் போல் இன்றும் பட்டறைகளில் உழைக்கும் நம் இளைஞர்கள் அறிய வேண்டியது உண்டு. மலேசியத் திறன் சான்றிதழைப் பயிற்சி நிலையத்தில் படித்துப் பெறலாம். பணியிடப் பயிற்சி வழியாகப் பெறலாம். செய்துவந்த வேலையின் சான்றுகளைக் காட்டி, முன் அனுபவத்தின் அடிப்படையிலும் பெறலாம். மூன்றாவது வழியை நம் பெற்றோர் பலர் கேள்விப்பட்டதேயில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வரலாற்றுப் பாடத்தில் ஓர் ஒப்படைப்பு கொடுங்கள். ஒவ்வொரு மாணவரும் தம் தாத்தாவோ பாட்டியோ கையால் செய்த வேலை ஒன்றைக் கேட்டு, அதன் கருவிகளின் பெயர்களோடு ஒரு பக்கம் எழுதி வரட்டும். நல்ல வேலை தன்னைத்தானே எழுதி வைப்பதில்லை. அதை எழுத வேண்டியவர்கள் நாம்தாம்.

மதிப்பெண் என்னும் சாயத்தை மேலே பூசி, உள்ளே இற்றிருப்பதைத் தாள் திணித்து மறைக்கும் வேலையை நாமும் சில நேரங்களில் செய்கிறோம் அல்லவா? அந்த மாணவரின் தேர்வுத்தாள்களைத் திருத்திய நான், அவருடைய கைகளைத் திருத்தமாகப் பார்க்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

வண்டி இப்போது மீண்டும் வெண்ணிறத்தில் நிற்கிறது. பின்சக்கர வளைவை என் உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். எந்த இடத்தில் வெட்டி ஒட்டினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. மாமாவைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.