இருபத்தேழு லட்சம்

1943ஆம் வருஷத்து வங்காளப் பஞ்சத்தைப் பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரையைப் பல வருஷங்களுக்கு முன் ஒரு சிறு பத்திரிகைக்காக மொழிபெயர்த்தேன். இறந்தவர் தொகை மூலத்தில் 3,000,000 என்றிருந்தது. நான் 3,00,000 என்று எழுதினேன். இதழ் வந்து இரண்டு மாதம் கழித்து ஒரு வாசகரிடமிருந்து தபால் அட்டை வந்தது. ‘மீதி இருபத்தேழு லட்சம் பேரை என்ன செய்தீர்கள்?’ வேறெதுவும் எழுதியிருக்கவில்லை.

என்னை ஏமாற்றியது காற்புள்ளி. இரண்டு எண்களிலும் முன்னால் ஒரு மூன்று, பின்னால் இரண்டு காற்புள்ளிகள். ஆங்கில எண் ஆயிரம் ஆயிரமாகப் பெருகுகிறது: ஆயிரம், மில்லியன், பில்லியன். நம் எண் ஆயிரம்வரை அதனுடன் வந்து, பிறகு நூறு நூறாக ஏறுகிறது: லட்சம், கோடி. ஆகவே மில்லியன் பத்து லட்சம். பில்லியன் நூறு கோடி. இதுவும் நிலையானதல்ல. பிரிட்டனில் பில்லியன் என்பது மில்லியன் மில்லியனாக, அதாவது நம் லட்சம் கோடியாக, இருந்தது. 1974இல்தான் அந்த அரசாங்கம் ஆயிரம் மில்லியன் என்ற பொருளை ஏற்றுக்கொண்டது. பழைய ஆங்கிலப் புத்தகத்தின் பில்லியனை மாற்றுகிறவன் முதலில் அது அச்சான வருஷத்தையும் ஊரையும் பார்க்க வேண்டும்.

லட்சம் வடமொழியிலிருந்து வந்த சொல். தமிழில் நூறாயிரம் என்றார்கள். அந்தச் சொல் தன் பெருக்கலைத் தன்னிலேயே வைத்திருக்கிறது. அதற்கும் மேலே போன எண்களுக்கு முன்னோர் வேறு வழி கண்டார்கள். ஐ, அம், பல் என்று முடியும் பேரெண் பெயர்களுக்குத் தொல்காப்பியம் புணர்ச்சி விதி சொல்கிறது. உரைகாரர்கள் காட்டும் உதாரணங்களில் தாமரை, வெள்ளம், ஆம்பல் உண்டு. பரிபாடலின் இரண்டாம் பாடலில் இத்தகைய பெயர்கள் ஊழிக்காலங்களை எண்ணுகின்றன. எண்ணி முடியாத இடத்தில் பூவையும் நீரையும் வைத்த மனம் அது. திருப்பல்லாண்டில் பெரியாழ்வார் கோடியையும் நூறாயிரத்தையும் அடுத்தடுத்து வைத்தது கணக்குக்காக அல்ல; முடிவின்மைக்காக.

அதே இரண்டு சொற்கள் இடம் மாறி இன்று வரவுசெலவுத் திட்டத்தில் நிற்கின்றன. 2024-25இல் மத்திய அரசின் செலவு மதிப்பீடு சுமார் 48.2 லட்சம் கோடி ரூபாய். ஒன்றுக்குப் பின் பன்னிரண்டு சுழி போட்டால் ஒரு லட்சம் கோடி. வாழ்த்தாக இருந்தது கணக்காகிவிட்டது. அதைப் படிக்கும்போது எனக்கு எதுவும் தோன்றுவதில்லை என்பதே என்னைப் பயமுறுத்துகிறது. மூன்று லட்சம் சாவு என்று எழுதியபோதும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் கை நின்றிருக்கும்.

வங்காளத்தில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் சரித்திரக்காரர்களுக்குள் ஒற்றுமை இல்லை. பஞ்ச விசாரணைக் கமிஷன் 1945இல் சுமார் 15 லட்சம் என்றது. அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில் அதை 30 லட்சத்தையொட்டிக் கணித்தார். அந்த வித்தியாசத்துக்குப் பின்னால் ஆவணங்களும் வாதங்களும் இருக்கின்றன. என் வித்தியாசத்துக்குப் பின்னால் ஒரு சுழிதான் இருந்தது.

அடுத்த இதழில் கடைசிப் பக்கத்தின் கீழே, சிறிய எழுத்தில், ஒரு வரித் திருத்தம் வந்தது. அதன்பின் இறந்தவர்களின் தொகையை நான் இலக்கத்தில் எழுதுவதில்லை. முப்பது நூறாயிரம் பேர் என்று எழுத்தில் எழுதுகிறேன். எழுதி முடிக்கக் கொஞ்சம் நேரமாகிறது.