தம்புள்ளை ராஜாவும் ஒரு சின்ன கேப்பும்

தீபாவளிக்கோ கோயில் தேருக்கோ பெட்டிக்கடையில தொங்குற பொம்மைத் துவக்கை நாம எல்லாரும் ஒரு தரமாவது சுட்டிருப்போம். காகிதச் சுருள்ல குட்டிக் குட்டிப் பொட்டாக மருந்து இருக்கும். விசையை இழுத்தா சில நேரம் ‘டப்’, சில நேரம் வெறும் ‘டிக்’. காகிதம் ஈரம் பிடிச்சிருக்கும், இல்லாட்டி சுத்தியல் பொட்டுல படாம பக்கத்துல பட்டிருக்கும், இல்லாட்டி ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். விளையாட்டுல அது ஒரு சிரிப்போட முடிஞ்சிரும். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் இந்த ‘டப்’புக்கும் ‘டிக்’குக்கும் நடுவே இருந்த இடைவெளி உயிர் போகிற விஷயம். அதே காலத்தில்தான் தம்புள்ளை விகாரையில் ஒருவர் ராஜாவாக முடிசூடிக்கொண்டார். இந்த இரண்டு கதையையும் சேர்த்துப் படிச்சா, பாடப்புத்தகம் சொல்லாத ஒன்று தெரியும்.

முதல்ல கேப்புக்கு முந்தின காலம். அப்போது உலகம் முழுக்கப் பரவியிருந்தது சக்கிமுக்கித் துவக்கு. விசையை இழுத்ததும் ஒரு கல் இரும்பில் உரசும். பொறி பறந்து, வெளியே சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கிற இடத்தில் போட்ட மருந்தில் விழும். அந்த நெருப்பு ஒரு துளை வழியே உள்ளே போய்ப் பெரிய மருந்தைப் பற்றவைக்கும். எத்தனை இடத்தில் பிசகலாம் என்று பாருங்க. கல் மழுங்கலாம், காற்று மருந்தை அடிச்சுட்டுப் போகலாம், ஒரு தூறல் போதும் எல்லாம் சேறாக.

இதை மாற்றினவர் ஒரு பாதிரியார். ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஃபோர்சைத்துக்குப் பறவை வேட்டையில் ஆசை. கிண்ணத்தில் மருந்து பளிச்சென்று எரியும்போதே பறவைகள் உஷாராகிப் பறந்துவிடும். அடித்தாலே வெடிக்கிற மருந்து ஒன்றை நெருப்புப் பொறிக்குப் பதிலாகப் பயன்படுத்தலாம் என்று அவர் கண்டுபிடித்து, 1807இல் காப்புரிமை வாங்கினார். அந்த மருந்தைச் சின்னச் செப்புத் தொப்பியில் அடைத்து, துவக்கின் முளையில் மாட்டி, சுத்தியலால் அடிக்கிற முறை பிறகு வந்தது. அந்தத் தொப்பிதான் கேப். பொம்மைத் துவக்கின் காகிதப் பொட்டு இதற்குத் தூரத்துச் சொந்தம். மருந்து வேற, வேலை ஒன்றுதான்.

எவ்வளவு வித்தியாசம்? 1834இல் பிரிட்டிஷ் அரசு வுல்விச்சில் இதைச் சோதித்துப் பார்த்தது. இரண்டு வகையிலும் 6,000 தடவை சுட்டார்கள். சக்கிமுக்கித் துவக்கு 922 தடவை வெடிக்கவில்லை. கேப் துவக்கு வெடிக்காமல் போனது வெறும் 36 தடவை. அதாவது ஒன்றில் ஆறு ஏழு தரத்துக்கு ஒரு ஏமாற்றம், மற்றதில் 160க்கு மேல் சுட்டால்தான் ஒரு ஏமாற்றம்.

சோதனைக்கூடத்துக்கு வெளியே இது என்ன ஆகும் என்பதைப் பார்த்தவர்கள் மதராஸ் சிப்பாய்கள். 1841 மே மாதம், முதல் அபினிப் போர். சீனாவின் கன்டன் நகருக்கு வெளியே, சான்யுவான்லி பக்கம், 37ஆவது மதராஸ் காலாட்படையின் ஒரு கம்பனி கொட்டும் மழையில் தனியே மாட்டிக்கொண்டது. சுற்றிலும் ஆயிரக்கணக்கில் கிராமத்து ஆட்கள். சிப்பாய்களின் கையில் இருந்தது சக்கிமுக்கித் துவக்கு. நனைந்துபோய் ஒன்றும் வெடிக்கவில்லை. ஈட்டியும் கம்புமாக வந்தவர்களைத் துவக்கு முனைக் கத்தியால் மட்டும் தடுத்து நின்றார்கள். கேப் துவக்கு வைத்திருந்த கடற்படை வீரர்கள் தேடி வந்த பிறகுதான் தப்பினார்கள். ஒரே படை, ஒரே மழை. ஆனால் நல்ல துவக்கு வெள்ளைக்காரனிடம், பழையது சிப்பாயிடம். 1842இல் பிரிட்டிஷ் காலாட்படைக்கான பொதுத் துவக்கே கேப் துவக்காக ஆகிவிட்டது.

இனி தம்புள்ளைக்கு வருவோம்.

கண்டி ராஜ்ஜியத்துக்குத் துவக்கு புதுசு இல்லை. போர்த்துக்கேயர் காலத்து விசை அமைப்பை உள்ளூர்க் கொல்லர்கள் தங்கள் பாணிக்கு மாற்றியிருந்தார்கள். சிங்களத் துவக்கில் விசைப்பொறி இடது பக்கம் இருக்கும், பார்த்ததும் அடையாளம் தெரியும். மருந்துக்குத் தேவையான வெடியுப்பைக்கூட மலைக்குகைகளில் எடுத்தார்கள். 1815இல் ராஜ்ஜியம் போன பிறகும் ஊர்களில் துவக்கு இருந்தது. சேனைக்குப் பன்றி வந்தால், யானை வந்தால் வேற என்ன செய்வது?

1848 ஜூலையில் ஆளுநர் டொரிங்டன் புது வரிகளைக் கொண்டுவந்தார். நாய்க்கு வரி, கடைக்கு வரி, துவக்குக்கு இரண்டரை ஷில்லிங் வரி. கூடவே வீதிச் சட்டம்: ஆண்கள் வருஷத்துக்கு 6 நாள் வீதி வேலை செய்யணும், இல்லாட்டி 3 ஷில்லிங் கட்டணும். இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. அரசு வைத்த கணக்குப்படி ஒரு நாள் உழைப்பு அரை ஷில்லிங். அப்படியென்றால் ஒரு துவக்கு வைத்திருக்க 5 நாள் உழைப்பு. எந்தத் துவக்குக்கு? ஆறு ஏழு தரத்துக்கு ஒரு தரம் கைவிடும் என்று அரசே 14 வருஷத்துக்கு முன்னால் எண்ணிப் பார்த்த அதே வகைத் துவக்குக்கு. இராணுவத்துக்கு உதவாது என்று கழித்த வகைக்கு, விவசாயி வருஷா வருஷம் காசு கட்டணும்.

ஜூலை 26இல் கொங்காலேகொட பண்டா தம்புள்ளை விகாரையில் முடிசூடினார். வீரபுரன் அப்பு அவர் பக்கம் நின்றார். 28ஆம் திகதி கூட்டம் மாத்தளைக்குள் நுழைந்தது, கச்சேரியில் வரிப் பதிவுகள் எரிந்தன. அடுத்த நாளே படை வந்தது, இராணுவச் சட்டமும் வந்தது. இரண்டு கிழமைக்குள் எல்லாம் முடிந்தது. ஆகஸ்ட் 8இல் புரன் அப்புவைச் சுட்டுக் கொன்றார்கள். பண்டா செப்டெம்பரில் பிடிபட்டு, கசையடி வாங்கி, மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார். மக்கள் பக்கம் சுமார் 200 பேர் செத்தார்கள். படைப் பக்கம் ஒருவர்கூடச் சாகவில்லை.

இந்தக் கணக்குக்குக் கேப் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஜூலையில் தம்புள்ளை காய்ந்து கிடக்கும், மழையைக் குறை சொல்லவும் முடியாது. பயிற்சி, ஒழுங்கு, துவக்கு முனைக் கத்தி எல்லாம் அந்தப் பக்கம் இருந்தது. நான் கேட்கிறது வேற ஒன்று. ஒரு கருவி நம்பகமானது என்றால், யாருக்கு?

சக்கிமுக்கித் துவக்கு அடிக்கடி ஏமாற்றும், ஆனால் ஊர்க் கொல்லன் அதைத் திருத்துவான். கல் தேய்ந்தால் வேற கல். கேப் துவக்கு ஏமாற்றாது. ஆனால் கேப் தீர்ந்தால் அது வெறும் தடி. கேப்பை ஊரில் செய்ய முடியாது, தொழிற்சாலையில் இருந்து கப்பலில் வரணும். வுல்விச் எண்களில் இந்த விஷயம் பதிவாகவில்லை. கருவி எவ்வளவு உறுதியாகிறதோ, அதை வைத்திருப்பவன் அவ்வளவு தூரம் இன்னொருவனின் கிட்டங்கியை நம்பி இருக்கணும். ஆயுதத்தைப் பறிக்காமலேயே ஒரு ஊரை ஆயுதமில்லாத ஊராக்க இது ஒரு வழி.

சரி, இது சிங்களவர் கதைதானே, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். அந்த வீதிகள் எதற்கு வெட்டப்பட்டன? கோப்பித் தோட்டங்களுக்கு. அதே வருஷங்களில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் நம்ம ஆட்கள். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. சேனைக்காரனிடம் வரி வாங்கின அரசும், தோட்டத்துக்கு ஆள் கொண்டுவந்த அரசும், மதராஸ் சிப்பாயை நனைந்த துவக்கோடு சீனாவுக்கு அனுப்பின அரசும் ஒன்றுதான். பாடப்புத்தகம் இதை மூன்று வேற வேற அத்தியாயமாகப் பிரித்து வைக்கிறது. சிலதை வைக்கவே இல்லை.

இன்றைக்கும் தம்புள்ளைப் பக்கம் இரவில் யானை வெடி கேட்கும். வயலுக்குள் யானை வந்தால் விவசாயியின் கையில் இருப்பது அதுதான், அதையும் வனஜீவராசிகள் திணைக்களம் கொடுக்கணும். அது வெடிக்குமா, இல்லையா என்பது அவருக்கு வரலாற்றுக் கேள்வி இல்லை. குகை ஓவியம் பார்க்க அடுத்த தரம் மலையேறினால், மேலே நின்று கீழே தெரிகிற வயல்களையும் வடக்கே போகிற வீதியையும் கொஞ்ச நேரம் பாருங்க. 1848 அங்கேதான் நடந்தது.