பாராமகாலிலிருந்து பஞ்சதந்திரம் வரை

தமிழ் உரைநடையின் வளர்ச்சியை ஆராய்வோர் அச்சுப்பொறியையும் இதழ்களையும் முதலில் குறிப்பர். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாதார் அதனைக் கற்க முயன்றமையால் அவ்வுரைநடைக்கு விளைந்த ஆக்கம் அத்துணை விரிவாகப் பேசப்படுவதில்லை. அவ்வரலாற்றின் ஒரு நுனி மொரப்பூரைச் சூழ்ந்த இம்மண்ணிலேயே கிடைக்கிறது.

1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் திப்புவிடமிருந்து கும்பினியார் கைக்கு வந்தது. அதனை ஆளச் சென்னையின் சிவில் அதிகாரிகளை விடுத்து, படைத்துறையினரான அலெக்சாண்டர் ரீடைத் தேர்ந்தார் காரன்வாலிஸ். சிவில் அதிகாரிகளுள் நாட்டுமொழி அறிந்தவர் அரியராய் இருந்தமை இதற்கு ஒரு காரணம். ரீடின் துணைவருள் ஒருவரான தாமஸ் மன்றோ 1799 வரை இப்பகுதியில் பணிபுரிந்தார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கும் நாடு இது. நிலத்தை அளந்து தீர்வை விதிக்க வந்தவர், குடியானவரின் குறையைத் துபாசியின் வாய்வழியே மட்டும் கேட்டால் தீர்வை யார் தலையில் ஏறும் என்பதை இவ்வூரார்க்கு விளக்க வேண்டியதில்லை.

மொழியறிந்த அதிகாரிகளை உருவாக்க 1812இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றியது. அதனை உருவாக்கியோருள் தலையாயவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். புதிதாய் வந்த இளம் அதிகாரிகள் அங்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்றுத் தேர்வெழுதினர். கற்பிக்கப் புலவர் இருந்தனர். தொடக்கநிலையில் படிக்க ஏற்ற உரைநடை நூல்களோ மிகச் சில. நன்னூற் சூத்திரத்தை அயல்மாணவர்க்கு முதற்பாடமாக வைத்தல் இயலுமா?

வீரமாமுனிவர் இம்முட்டுப்பாட்டை முன்னரே உணர்ந்தவர். பேச்சுத்தமிழுக்கு அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. அவருடைய பரமார்த்த குரு கதையை 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் ஆங்கில மொழிபெயர்ப்போடும் சொற்பட்டியலோடும் இலண்டனில் வெளியிட்டார். முதற்கதைக்குச் சொற்பகுப்பும் உண்டு. நகைச்சுவைக்கதையாக நாம் அறிந்த அந்நூல் மொழிப்பயிற்சி நூலாகவே அங்குச் சென்றது.

பல மொழிப் புலவரும் ஒரு கூரையின்கீழ் இருந்ததன் பயன் எதிர்பாராதது. கேம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு 1816இல் எல்லிஸ் எழுதிய முன்னுரை, தென்னாட்டு மொழிகள் வடமொழியினின்று பிறந்தவையல்ல, தமக்குள் உறவுடைய தனிக்குடும்பம் என நிறுவியது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் அதற்கு 40 ஆண்டு பிற்பட்டது. எல்லிஸுக்கு உரிய புகழைத் தரும்போது, வேர்ச்சொற்களை எடுத்துத் தந்த கல்லூரிப் புலவரையும் உடன்நிறுத்துதலே முறை.

அக்கல்லூரித் தமிழ்ப்புலவருள் தாண்டவராய முதலியாரைச் சிறப்பாகக் கூறவேண்டும். வடமொழியில் பிறந்த பஞ்சதந்திரத்தை அவர் மராத்தியிலிருந்து தமிழாக்கினார். அது 1826இல் வெளிவந்தது. வழிமொழி வாயிலாக வந்த மொழிபெயர்ப்பு எனினும் தொடர்கள் தமிழியல்பு பிறழாதவை. செய்யுள்நடையின் பிடியினின்று அது முற்றும் விடுபடவில்லை என்பது உண்மையே. அக்காலப் புலவர்க்கு உரைநடையே ஓர் இரண்டாம் மொழி போன்றது. கல்லூரி 1854இல் மூடப்பட்டது. வெள்ளைக்கார மாணவர்க்கென எழுந்த அந்நூலோ தமிழ்ப் பிள்ளைகளின் பாடநூலாகப் பின்னும் நெடுங்காலம் வழங்கியது.