நீலத் தலைக்கவசமும் கட்டப்பட்ட கைகளும்



நாம் வாழும் கனடா நாடு பெருமையோடு நினைவுகூரும் பணிகளுள் ஒன்று ஐ.நா. அமைதிப்படைப் பணி. நமது பத்து டொலர் தாளிலும் சில ஆண்டுகள் அமைதிப்படை வீரரின் உருவம் இடம்பெற்றிருந்தது. நம் பிள்ளைகள் பாடசாலையில் லெஸ்டர் பியர்சனைப் பற்றிப் படிக்கின்றனர். அவர்கள் ருவாண்டாவையும் சேர்த்தே படிக்க வேண்டும் என விரும்புகிறேன்.

1948இல் பாலஸ்தீனத்திற்கு ஐ.நா. அனுப்பியோர் ஆயுதம் ஏந்தாத கண்காணிப்பாளர்களே. ஆயுதம் தாங்கிய முதற்படை 1956இல், சூயஸ் நெருக்கடியின்போது, அன்றைய வெளியுறவு அமைச்சர் பியர்சனின் முன்மொழிவால் உருவாயிற்று. நீலத் தொப்பிகள் வந்துசேர வாரக்கணக்கில் ஆகும் என்றதால், அமெரிக்கத் தலைக்கவசங்களுக்கு அவசரமாக நீல வண்ணம் பூசினர். வேடிக்கை என்னவெனில், கனடாவின் ‘குயின்ஸ் ஓன் ரைபிள்ஸ்’ படைப்பிரிவை எகிப்து ஏற்கவில்லை; அதன் பெயரும் சீருடையும் படையெடுத்து வந்த பிரித்தானியரையே நினைவூட்டின.

உரிய நாட்டின் இசைவு, நடுநிலை, தற்காப்புக்கு மட்டுமே ஆயுதம் என்னும் மூன்று விதிகள் அங்கே வேரூன்றின. 1967இல் எகிப்து வெளியேறச் சொன்னதும் படை வெளியேறியது. சில வாரங்களில் போர் மூண்டது.

இவ்விதிகள் இரு நாட்டு இராணுவங்களுக்கு நடுவே நிற்பதற்கென வகுக்கப்பட்டவை. ஆட்சியில் இருப்போரே தம் குடிமக்களைக் கொல்லத் துணிந்தால், நடுநிலை யாருக்குத் துணைபோகும்?

1993 ஒக்டோபரில் ருவாண்டாவுக்கான படையைப் பாதுகாப்புச் சபை அமைத்தது. தளபதி, கனடியரான ரோமியோ டலேர். 1994 ஜனவரி 11 அன்று அவர் நியூயோர்க்குக்கு ஓர் அவசரத் தந்தி அனுப்பினார். துட்சி மக்களைக் கொல்லத் திட்டம் உள்ளது, ஆயுதங்கள் பதுக்கப்பட்டுள்ளன, அவற்றைக் கைப்பற்றப் போகிறேன் என்றார். அது தரப்பட்ட ஆணைக்கு அப்பாற்பட்டது எனத் தடுக்கப்பட்டார். சில மாதங்களுக்கு முன் சோமாலியாவில் 18 அமெரிக்க வீரர் இறந்திருந்தனர். அந்த அச்சமும் தலைமையகத்தில் நிலவியது.

ஏப்ரல் 6 அன்று அதிபரின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் பிரதமர் அகாத் உவிலிங்கியிமானாவும் பத்து பெல்ஜிய அமைதிப்படையினரும் கொல்லப்பட்டனர்.

தலைநகர் கிகாலியில் சலேசிய சபையார் நடத்திய தொழிற்பள்ளி ஒன்றில் பெல்ஜியப் படையினர் முகாமிட்டிருந்தனர். அவர்களை நம்பி ஏறத்தாழ 2,000 பேர் அங்கே தஞ்சம் புகுந்தனர். ஏப்ரல் 11 அன்று, வெளிநாட்டவர் பத்திரமாக அனுப்பப்பட்டபின், வீரர்களும் புறப்பட்டனர். மக்கள் வண்டிகளை மறித்து மன்றாடினர். கொலையாளிகள் வெளியே காத்திருந்தனர். எஞ்சியோரில் பெரும்பாலோர் அன்றே மாண்டனர். சுடுகலன் இருந்தும் சுட ஆணையில்லாத படை, அம்மக்களுக்குப் பொய்யான அடைக்கலமாயிற்று. இதில் அந்த இளம் வீரர்களைவிட, அவர்களை அனுப்பிவிட்டுக் கைகழுவியோர் மீதே எனக்குச் சினம் மிகுதி.

ஏப்ரல் 21 அன்று பாதுகாப்புச் சபை படையை 270 பேராகக் குறைத்தது. மே மாதத்தில் 5,500 பேருக்கு ஒப்புதல் அளித்தது. ஜூலையில் படுகொலை ஓய்ந்தபோதும் அவர்களில் மிகப் பலர் வந்துசேரவில்லை. ஏறத்தாழ நூறு நாள்களில் எட்டு இலட்சம் பேர் வரை மடிந்தனர்.

திருச்சபையும் விலகி நின்று குறைகூற இயலாது. ந்தராமா, ந்யமாதா ஆலயங்களுக்குள்ளேயே மக்கள் வெட்டப்பட்டனர். குருக்கள் சிலரும் உடந்தையாயினர். 2017இல் திருத்தந்தை பிரான்சிஸ் இதற்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார்.

1999இல் சியரா லியோன் படைக்குத்தான் பொதுமக்களைப் பாதுகாக்கும் அதிகாரம் முதன்முறையாக வெளிப்படையாக அளிக்கப்பட்டது. ஆனால் ருவாண்டாவில் ஆணைக்குக் காத்திராத ஒருவர் இருந்தார். செனகல் நாட்டு இஸ்லாமியரான கப்டன் ம்பாயே தியாங், ஆயுதமற்ற கண்காணிப்பாளர். முதல் நாளிலேயே கொல்லப்பட்ட பிரதமரின் பிள்ளைகளைக் காத்தார். பின்னர், வழிமறித்த கொலையாளிகளிடம் சிரித்துப் பேசியும் சிகரெட் கொடுத்தும், சிலர் சிலராக நூற்றுக்கணக்கானோரைத் தம் வண்டியில் கடத்திச் சென்றார். மே 31 அன்று எறிகணை வீச்சில் இறந்தார். அவர் பெயரால் ஐ.நா. நிறுவிய வீரப் பதக்கத்தின் முதலாவது, 2016இல் அவருடைய மனைவியிடமும் பிள்ளைகளிடமும் வழங்கப்பட்டது.