மண்மேட்டுக்கு அப்பால்

சென்ற தீபாவளிக்கு வானகரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த தங்கை மகன், பொட்டு வெடித் துப்பாக்கியை என் மார்புக்கு நேரே நீட்டி, "கையைத் தூக்கு மாமா!" என்றான். நான் கையைத் தூக்கவில்லை. துப்பாக்கிக் குழலைப் பிடித்துத் தரையைப் பார்க்கத் திருப்பிவிட்டேன். "குழந்தை விளையாட்டுக்குமா அண்ணா இப்படி முகத்தைக் கடுத்துக்கொள்வாய்?" என்று தங்கை சிரித்தாள். என் முகம் கடுத்த காரணம் இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தியது.

எங்கள் பக்கத்துக்குப் பட்டாளம் புதிதல்ல. பூந்தமல்லியில் வெள்ளைக்காரன் படை இருந்ததன் அடையாளமாகக் கண்டோன்மென்ட் என்ற பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1955-ல் காங்கிரஸ் கூடிச் சோஷலிச பாணிச் சமுதாயம் வேண்டும் என்று தீர்மானித்த ஆவடியிலிருந்து, பத்தே வருஷத்தில் விஜயந்தா டாங்கி உருண்டு வெளியே வந்தது. இருந்தும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்குத் துப்பாக்கி என்றால், சினிமாவில் கதாநாயகன் விரலில் மாட்டிச் சுழற்றுகிற சாமான்தான்.

கல்லூரியில் நான் என்.சி.சி.யில் சேர்ந்ததும் வீரத்தினால் அல்ல; அணிவகுப்பு முடிந்ததும் கிடைக்கும் பூரி கிழங்கினால். ஒரு நாள் எங்களைச் சுடுதளத்துக்கு அழைத்துப் போனார்கள். குப்புறப் படுத்து, இருபத்தைந்து கஜ தூரத்தில் உள்ள அட்டையைப் பாயிண்ட் டூ டூ ரைபிளால் ஐந்து முறை சுட வேண்டும். கட்டளை எல்லாம் ஹிந்தியில். எங்கள் ஹவில்தாரோ வேலூர்ப் பக்கத்து மனிதர். திட்டுவது மட்டும் தமிழில்.

என் பக்கத்தில் படுத்திருந்த பையனின் தோட்டா வெடிக்கவில்லை. "சார், இது சுடலை சார்" என்று ரைபிளோடு அப்படியே திரும்பிவிட்டான். பின்னால் வரிசையில் நின்ற முப்பது பேரின் வயிற்றையும் அந்தக் குழல் ஒரு முறை பார்த்துவிட்டு வந்தது. ஹவில்தார் கத்தவில்லை. ஒரே எட்டில் வந்து, குழலைத் தம் பூட்ஸ் காலுக்குப் பக்கத்து மணலில் அழுத்தி, தோட்டாவைக் கழற்றினார். எல்லாருடைய ரைபிளையும் காலி செய்யச் சொல்லிச் சோதித்தார். பிறகு எங்களைச் சுற்றுவழியாக, குண்டு தாங்கும் மண்மேட்டுக்குப் பின்புறம் கூட்டிப் போனார். அங்கே ஒரு ஒற்றையடிப் பாதை. தூரத்தில் ஒரு கிழவி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். "இந்தச் சின்னக் குண்டு ஒரு மைல் போகும்டா தம்பி. அட்டையைப் பார்த்துச் சுடுறோம்னு நீ நினைக்கிறே. அந்த அம்மா இருக்கிற பக்கம் பார்த்துத்தான் சுடுறே" என்றார்.

குழல் எப்போதும் இலக்கின் பக்கம். முன்னால் ஆள் போயிருக்கும்போது ஆயுதத்தைத் தொடாதே. யார் "நிறுத்து" என்றாலும் நிறுத்து. சுடும் வரைக்கும் சிவப்புக் கொடி பறக்கட்டும். இந்த வழக்கங்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று பிற்பாடு தேடிப் படித்தேன். பெரும் பங்கு இங்கிலாந்தில் கொண்டுபோய் விட்டது. 1859-ல் பிரெஞ்சுக்காரன் படையெடுத்து வருவான் என்ற பயத்தில், அங்கே குமாஸ்தாக்களும் வக்கீல்களும் கடைக்காரர்களும் தொண்டர் படைகளில் சேர்ந்து ரைபிள் பிடித்தார்கள். 1860 ஜூலை 2-ந் தேதி விம்பிள்டன் வெளியில் முதல் போட்டியை விக்டோரியா ராணியே சுட்டுத் தொடங்கி வைத்தாள். 400 கஜம், ரைபிளைத் தாங்கியில் அசையாமல் பொருத்திக் குறி பார்த்து வைத்திருந்தார்கள், விசையில் கட்டிய பட்டுக் கயிற்றை மகாராணி இழுத்தாள், அவ்வளவுதான். நம் ஊர்த் திறப்பு விழா மந்திரிகள் இதைவிட அதிகமாக உழைக்கிறார்கள்! ஆனால் அங்கே கூடியவர்கள் சிப்பாய்கள் அல்ல என்பது முக்கியம். சிப்பாய் தப்புச் செய்தால் தண்டிக்கலாம். வக்கீலை என்ன செய்வது? ஆகவே தண்டனை செய்யும் வேலையை மரியாதை செய்ய வேண்டியிருந்தது.

மரியாதையும் போதாமல் போயிற்று. லண்டன் வளர்ந்து விம்பிள்டனைச் சுற்றி வீடுகள் முளைத்தன. ரைபிளும் வளர்ந்து குண்டு இன்னும் தூரம் பாய்ந்தது. பக்கத்து நிலத்துக்குச் சொந்தக்காரர் கேம்பிரிட்ஜ் கோமகன், ராணியின் சித்தப்பா மகன், ஆபத்து என்று ஆட்சேபித்தார். 1890-ல் போட்டி முழுவதும் பிஸ்லி என்ற பொட்டல் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. ஆட்சேபித்தவர் கோமகனாக இல்லாமல் ஆடு மேய்க்கும் கிழவியாக இருந்திருந்தால் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நம் நாட்டில் 1878-ன் ஆயுதச் சட்டம் இந்தியனை லைசென்சுக்கு அலைய வைத்து, வெள்ளைக்காரனுக்கு விலக்கு அளித்தது. துப்பாக்கியும் அதன் மரியாதைகளும் ஜமீன் வேட்டைக்காரரோடு நின்றுவிட்டன. 1951-ல்தான் தேசிய ரைபிள் சங்கம் பிறந்தது; அதன் முதல் தலைவர் மாவலங்கர், பின்னர் லோக்சபையின் முதல் சபாநாயகர் ஆனவர். 2008-ல் அபினவ் பிந்த்ரா ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய பிறகு, நடுத்தர வீட்டுப் பிள்ளைகளும் காதுக்கு உறை மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். பத்து மீட்டர் ஏர் ரைபிள் நாலு சுவருக்குள் அடங்கிய ஆட்டம்.

அடங்காத சுடுதளங்களும் இருக்கின்றன. புதுக்கோட்டையை அடுத்த நார்த்தாமலைப் பக்கத்தில், பாறைக் குன்றுகளுக்கு நடுவே அப்படி ஒன்று. 2021 டிசம்பர் 30-ந் தேதி காவற்படையினர் அங்கே பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பதினொரு வயதுப் பையன் ஒருவன் தலையில் குண்டு பாய்ந்தது. ஜனவரி 3-ந் தேதி தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். சுடுதளத்தை நிறுத்தி வைத்தார்கள். சர்க்கார் உதவித் தொகை அறிவித்தது.

பத்திரிகையில் அதைப் படித்தபோது எனக்கு ஹவில்தாரின் முகம் நினைவுக்கு வரவில்லை. அந்தக் கிழவிதான் வந்தாள். நாங்கள் மேட்டுக்குப் பின்னால் போய் நின்றபோது அவள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குச்சியால் ஒரு குட்டியை ஓட்டிக்கொண்டு, பாதையோடு போய்க்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் படாத தூரம் போகும் வரையில் ஹவில்தார் எங்களை மேட்டுக்கு முன்புறம் திரும்ப விடவில்லை. அன்று என் பங்கில் மூன்று தோட்டா பாக்கி இருந்தது. நான் சுடவில்லை, எண்ணிக் கொடுத்துவிட்டேன்.