அவிழ்த்த கைகள்

கட்டுவது எளிது, அவிழ்ப்பது அரிது. கயிற்றுக்கு மட்டுமா இது பொருந்தும்? கருத்துக்கும் பொருந்தும், ஒரு நாட்டின் வரலாற்றுக்கும் பொருந்தும். அந்த அரிய செயலுக்கு நம் முன்னோர் வைத்த பெயர் மூன்றே எழுத்து: அவிழ்!

சிறிய சொல், ஆயினும் செழித்த சொல். மொட்டு அவிழ்கிறது, மலராகிறது. அரிசி வெந்து விரிகிறது; அந்தச் சோற்றுப் பருக்கைக்கும் ‘அவிழ்’ என்றே பெயரிட்டனர் பழந்தமிழர். உழவன் மாட்டை அவிழ்க்கிறான். புலவன் புதிரை அவிழ்க்கிறான். மூடிக் கிடந்தது திறக்கும்போதெல்லாம், இறுகிக் கிடந்தது நெகிழும்போதெல்லாம், இந்தச் சொல் ஓடி வந்து நிற்கிறது.

இதற்கு அண்டை வீட்டுச் சொற்களும் உண்டு. கோத்த மணியை நூலினின்று உருவலாம். பொறுமை இல்லாதவன் நூலை அறுக்கலாம். அறுத்தால் மணிகள் சிதறும், நூலும் பாழாகும். முடிச்சை அவிழ்த்தாலோ மணியும் பிழைக்கும், நூலும் பிழைக்கும். வேண்டும்போது மறுபடியும் கோக்கலாம். அறுப்பதற்குக் கத்தி போதும். அவிழ்ப்பதற்கு, முடிச்சு எப்படி விழுந்தது என்று அறியும் அறிவு வேண்டும்.

நூல் என்று சொன்னோம். தமிழில் இழைக்கும் நூல் என்றே பெயர், ஏட்டுக்கும் நூல் என்றே பெயர். நன்னூல் தந்த பவணந்தியார் இந்த உறவை விளக்குகிறார்: சொல்லே பஞ்சு, செய்யுளே இழை, புலவனே நூற்கும் பெண், அவன் வாயே கை, அவன் மதியே கதிர். கைத்தொழிலையும் கல்வியையும் ஒரே தறியில் வைத்துப் பார்த்த மொழி நம் மொழி. நூற்பவளை இழிவென்று எண்ணியிருந்தால் இந்த உவமை பிறந்திருக்குமா?

அந்த நூல் பனையோலையில் வாழ்ந்தது. ஓலையைப் பதப்படுத்தி, அளவாக நறுக்கி, துளையிட்டு, எழுத்தாணியால் கீறி, கீறிய எழுத்தில் மை தடவிக் கயிற்றில் கோத்தார்கள். மேலும் கீழும் மரச்சட்டம். கயிற்றின் நுனியில் கிளிமூக்கு. சுற்றிக் கட்டிவிட்டால் அது சுவடிக் கட்டு. படிக்க வேண்டுமா? முதலில் செய்ய வேண்டிய வேலை அவிழ்த்தல்! அவிழ்க்காத சுவடி நூலன்று; வெறும் ஓலைக் கட்டு.

நம் நாட்டின் வெப்பத்திலும் ஈரத்திலும் ஓலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்குவதில்லை. செல்லரிக்கும், பூச்சி துளைக்கும். ஆகவே, ஒவ்வொரு தலைமுறையும் கட்டை அவிழ்த்துப் படித்து, புதிய ஓலையில் படியெடுத்து, மீண்டும் கட்டி வைக்க வேண்டும். ஒரு தலைமுறை மறந்தால், அடுத்த தலைமுறை அவிழ்க்கும்போது கிடைப்பது தூள்!

மறந்தார்களா? மறந்தார்கள். எழுபது பாடல் கொண்ட பரிபாடலில் முழுமையாக நமக்குக் கிடைத்தவை இருபத்திரண்டு. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை. புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு இடங்களும் வெற்றிடங்கள். பகைவன் படையெடுத்துப் பறித்தானா? பெரும்பாலும் இல்லை, கட்டி வைத்தவர்கள் அவிழ்க்கவில்லை, அவ்வளவுதான்.

அவிழ்க்காதது மட்டுமா? கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிச் சென்றார் உ.வே. சாமிநாதையர். சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டோம், அதுவே முறை என்று விடை கிடைத்ததாம். ஆடிப் பெருக்கில் ஆற்றோடு விட்ட ஏடுகளைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். எரித்தவர் யார்? தமிழை வெறுத்தவர்களா? இல்லை, ஏட்டைத் தெய்வமென்று கும்பிட்டவர்கள்! கலைமகள் பூசை நாளில் புத்தகங்களை அடுக்கிப் பொட்டிட்டு, அன்று மட்டும் அவற்றைப் படிக்கலாகாது என்பார்களே, அந்த மனப்பான்மையின் முதிர்ந்த கனி இது. வணங்கினார்கள், வாசிக்கவில்லை; போற்றினார்கள், புரட்டவில்லை.

யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை, தம் கையில் வந்த ஏடுகளின் கட்டை அவிழ்க்கும்போதே இதழ் ஒடிந்த துயரத்தைப் பதிப்புரையில் எழுதினார். ஒடிந்ததைக் கண்டு ஒதுங்கினாரா? 1887இல் கலித்தொகையை அச்சில் தந்தார். அதே ஆண்டு சாமிநாதையர் சீவக சிந்தாமணியைத் தந்தார், 1894இல் புறநானூறு. சைவர் ஒருவர் சமண காவியத்தின் கட்டை அவிழ்த்தார். பொருள் விளங்காத இடங்களில் சமணர்களிடமே சென்று கேட்டார். அவிழ்க்கத் துணிந்தவனுக்குக் கேட்கவும் துணிவு வருகிறது!

இன்னொரு கையையும் நாம் மறத்தல் ஆகாது. திருக்குறள் 1812இல் அச்சேறியது. எல்லிஸ் துரை கையில் குறள் ஏடு சேர்வதற்குக் காரணமானவர், வெள்ளை அதிகாரி ஒருவரின் வீட்டில் சமையற்பணி புரிந்த தம் பாட்டனார் கந்தப்பன் என்று அயோத்திதாசப் பண்டிதர் பதிவு செய்திருக்கிறார். தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கிய குடியில் ஏடு இருந்தது. ஏட்டைக் காக்கும் எண்ணம் இருந்தது. கல்வி எங்கள் கட்டுக்குள் என்று இறுமாந்தோர் செவியில் விழ வேண்டிய செய்தியன்றோ இது!

அச்சு வந்ததும் கட்டு நிலையாக அவிழ்ந்தது. ஓர் ஏட்டை ஒருவன் வைத்திருந்தால் மற்றவன் இரந்து நிற்க வேண்டும். அச்சிட்ட புத்தகமோ ஆயிரம் கைக்குப் போகும். எவன் வீட்டுப் பிள்ளை என்று அது கேட்பதில்லை.

‘முடிச்சவிழ்க்கி’ என்று ஒரு வசவு நம் மொழியில் உண்டு. பிறர் பண முடிப்பை அவிழ்க்கும் திருடனுக்கு அது பொருந்தும். அறிவு முடிப்பை அவிழ்ப்பவனுக்கோ அது பட்டம்! ஏனெனில், பணம் அவிழ்த்தால் குறையும். அறிவு அவிழ்த்தால் பெருகும்.

தோழர்களே! பழமையை அழிக்க வந்தவர்கள் என்று கேள்வி கேட்போரை ஏசுவோர் இன்றும் உளர். அவர்களுக்கு வரலாறு விடை சொல்கிறது. பழமையைத் தீயிலிட்டது கேள்வியன்று, சடங்கு. பழமையைக் காத்தது கும்பிட்ட கையன்று, அவிழ்த்த கை. இன்று ஏடுகளைப் படமெடுத்து மின்திரையிலே வைக்கிறார்கள், நல்லது. ஆனால், திரையில் இருப்பதும் எவரும் படிக்காதவரை கட்டுத்தான். ஆகவே அறுக்க வேண்டா, எரிக்க வேண்டா, பொட்டிட்டு மூலையில் வைக்கவும் வேண்டா. அவிழ்ப்போம், படிப்போம், பிழையைப் பிழையென்போம், பெருமையைப் பெருமையென்போம், அடுத்தவன் கையில் கொடுப்போம்.